உளமார

பதவியேற்பு விழாவை டிவியில் பார்க்கும்போது ஓர் இடத்தில் மட்டும் காதைக் கூர்மையாக்கிக்கொள்வோம். புது மந்திரி கடவுள் பெயரைச் சொல்கிறாரா, ‘உளமார’ என்கிறாரா? எதைச் சொன்னாலும் பதவி உண்டு. ஆனால் அந்த ‘எதைச் சொன்னாலும்’ சும்மா வந்துவிடவில்லை.

1880இல் நார்தாம்ப்டன் தொகுதி சார்லஸ் பிராட்லாவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. ஊரறிந்த நாத்திகர். கடவுள் பெயர் இல்லாமல் உறுதிமொழி எடுக்கிறேனே என்று கேட்டார். ஒத்துக்கொள்ளவில்லை. சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். அதிலுள்ள கடவுள் பற்றிய சொற்கள் எனக்குப் பொருளற்றவை, ஆனாலும் அந்தச் சத்தியம் என்னைக் கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார். வந்தது வினை. நாத்திகன் செய்கிற சத்தியம் சத்தியமே அல்ல என்று அதற்கும் தடை போட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து சத்தியம் செய்திருந்தால் முதல் நாளே உள்ளே போயிருக்கலாம். சத்தியம் எதைக் கேட்கிறதோ, அந்த வாய்மையைக் காட்டியதற்காகத்தான் மனிதரை வாசலில் நிறுத்தினார்கள்.

அவையை விட்டு வெளியேற மறுத்ததால் பிக் பென் கோபுரத்தில் ஓர் இரவு காவல். பிறகு உறுதிமொழி சொல்லிச் சில மாதம் உட்கார்ந்தார். அது செல்லாது என்றது நீதிமன்றம். 1882இல் பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்துத் தனக்குத் தானே சத்தியம் செய்துவைத்துக்கொண்டார். அவை அவரை நீக்கியது. 1881, 1882, 1884 என மூன்று இடைத்தேர்தல்களிலும் நார்தாம்ப்டன் அவரையே திருப்பி அனுப்பியது. கடைசியில் 1886இல் சபாநாயகர் யாருடைய ஆட்சேபத்தையும் கேட்காமல் அவரைச் சத்தியம் செய்ய விட்டார். உள்ளே போனவர், விரும்புகிறவர்கள் கடவுளைச் சொல்லாமலே உறுதிமொழி ஏற்கலாம் என்ற சட்டத்தை 1888இல் நிறைவேற்ற வைத்தார்.

இந்தியாவுக்காக அங்கே பேசியவர். 1889இல் பம்பாய் காங்கிரஸுக்கும் வந்தார். 1891 ஜனவரி 30 அன்று இறந்தார். மூன்று நாள் முன்புதான், அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தை அவை தன் குறிப்பேட்டிலிருந்து நீக்கியிருந்தது. அதை அறிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை. லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி அவருடைய இறுதிச் சடங்குக்குப் போனார்.

நம் அரசியல் சாசனத்தின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு வாசகங்களும் சமமாக நிற்கின்றன. எந்த வாசகம் என்றுதான் நாம் கவனிக்கிறோம். நார்தாம்ப்டன்காரர்கள் கவனித்தது வேறு என்று தோன்றுகிறது: இந்த ஆள் சொன்னால் சொன்னதுதானா?