பாலாற்றங்கரையிலிருந்து பாடப்புத்தகத்துக்கு

இந்தியச் சட்டக் கல்லூரிகளில் சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்களுக்கு வேலூர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோட்டையல்ல, ஒரு வழக்கு. 'வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்'. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தீன், கே. வெங்கடசாமி.

வழக்கின் வேர் தோலில் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவது தலைமுறைத் தொழில். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல் அரைப்பதத்தோடு கப்பலேறியது. 1970களில் அந்த ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுதாகத் தயாரான தோலும் ஷூவும் அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. ஆவாரம்பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பில் பதனிடும் குரோம் முறை வேகமாகப் பரவியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், 170 வகை ரசாயனங்கள் என்கிறது தீர்ப்பு.

கெட்டுப்போகாமல் இருக்க உப்புத் தடவித்தான் பச்சைத் தோல் பதனிடும் ஆலைக்கு, அதாவது டேனரிக்கு, வரும். முதல் வேலை அதை ஊறவைத்து அலசுவது. அந்த அலசலிலேயே உப்பு வாய்க்காலுக்குப் போய்விடும். இந்தப் பகுதியில் ஓடும் பாலாறோ ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. அதன் தண்ணீர் மணலுக்கு அடியில்தான். மேலே விட்டது நேராக ஊற்றுக்கும் கிணற்றுக்கும் இறங்கியது. கழிவிலுள்ள குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் பிரித்துவிடலாம். கரைந்த உப்பைப் பிரிப்பது பெரும்பாடு.

தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதாக ஆய்வு சொன்னது. டேனரிகள் இருந்த திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எண்ணிப் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. இந்த நிலையில்தான் 1991இல் மன்றத்தின் பொதுநல மனு தில்லிக்குப் போனது.

மனுவை ஏற்ற நீதிபதிகள் இந்தியச் சட்டங்களோடு நிற்கவில்லை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு, 1987 புருண்ட்லாண்ட் அறிக்கை, 1992 ரியோ மாநாடு என்று போனார்கள். நீடித்த வளர்ச்சி என்பது சர்வதேச வழக்காற்றுச் சட்டமாகிவிட்டது என்றார்கள். கேடு வரும் என்று அறிவியல் அறுதியிட்டுச் சொல்லும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும். தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலைக்காரருடையது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும். இவை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் தீர்ப்பு அறிவித்தது.

வகுப்பறையில் சண்டை தொடங்குவது இங்கேதான். நாடுகள் ஒன்றைத் தொடர்ந்து கடைப்பிடிக்க வேண்டும், அது சட்டக் கடமை என்று நம்பியும் கடைப்பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வழக்காற்றுச் சட்டம் பிறக்கும். எந்த நாடு எப்படி நடந்தது என்று தீர்ப்பு தேடிப் பார்க்கவில்லை. நீடித்த வளர்ச்சியின் சில கூறுகளைச் சட்ட அறிஞர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று தானே ஒப்புக்கொள்கிறது. முறை என்று பார்த்தால் இந்தக் குறை உண்மையானது. ஆனால் வழக்காறு வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்வதும் அந்த நாட்டின் நடத்தைதான். உப்பேறிய கிணற்றுக்காரர்கள் கேட்ட நியாயம் உலகச் சட்டத்துக்குச் சான்றாகிப்போனது பெரிய காரியம்.

மறு ஆண்டே, 1997 செப்டம்பரில், ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான தன்யூப் அணை வழக்கு ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் முடிந்தது. இலங்கையரான நீதிபதி வீரமந்திரி தனிக் கருத்தில் நீடித்த வளர்ச்சியைச் சட்டக் கோட்பாடாகவே நிறுத்தினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் இலங்கையின் பழைய குளங்களும் உண்டு. வேலூர் தீர்ப்பையும் இந்தக் கருத்தையும் சேர்த்துப் படிக்கும் மாணவருக்கு, ஏரியும் ஆறும் சர்வதேசச் சட்டத்துக்குள் வந்த வழி தெளிவாகும்.

தத்துவம் இப்படி ஊர் தாண்டியது. உத்தரவுகள் மெல்ல நடந்தன. ஒவ்வொரு டேனரியும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் வேண்டும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. ஆணையம் அமைந்தது, 2001 மார்ச்சில் இழப்பீட்டை அறிவித்தது. அந்தத் தொகை இன்னும் சேராத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 ஜனவரி 30 அன்று. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழுவும் அமைக்கச் சொன்னது. இடையில் கழிந்தது ஏறக்குறைய 24 ஆண்டு. பழைய வேலூர் மாவட்டமே 2019இல் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போய்விட்டன.

இந்த வழக்கைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் ஒருமுறையாவது மாணவர்களைப் பாலாற்றங்கரைக்கு அழைத்து வர வேண்டும். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அங்கே கேட்கச் சொல்ல வேண்டும். வேலூருக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இன்று மேட்டூரிலிருந்து குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது.