மூன்று நிமிட மேடை: இளம் ஆய்வாளர்கள் பொதுமக்கள்முன் பேசக் கற்ற வரலாறு

பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வேட்டின் சாரத்தை, அத்துறையில் பழக்கமில்லாத அவையினர்முன் மூன்றே நிமிடங்களில் எடுத்துரைத்து, நடுவர்களின் மதிப்பெண்ணைப் பெற முயலும் அறிவியல் பேச்சுப் போட்டி, இன்று உலகின் பல நூறு பல்கலைக்கழகங்களில் ஆண்டு நிகழ்ச்சியாக நிலைபெற்றுவிட்டது. தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிகளையும் திறன் போட்டிகளையும் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு இது அவற்றின் வழியில் வந்த புதுமையாகவே தோன்றும். அந்தத் தோற்றத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் ஆய்வாளர், பேசும் திறனை ஆய்வுத் திறனைப் போலவே முயன்று பயில வேண்டும் என்பதும், நேரத்துக்குக் கட்டுப்பட்டுப் பேச வேண்டும் என்பதும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக வளர்ந்துவந்த மரபின் கூறுகளாகும். அம்மரபை அறியாமல் இப்போட்டிகளை எடைபோடுவது சரியாகாது.

1799-இல் லண்டனில் நிறுவப்பட்டு, ஆல்பமார்ல் தெருவில் இடங்கொண்ட ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்திலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது பொருந்தும். அறிவியலின் பயன்களை மக்களிடையே பரப்புவதும் சொற்பொழிவுகளாலும் செய்முறைகளாலும் அதைக் கற்பிப்பதும் அதன் நோக்கங்களாக இருந்தன. 1801-இல் அங்கே பணியில் சேர்ந்த ஹம்ப்ரி டேவி என்ற இளம் வேதியியலாளரின் உரைகளைக் கேட்கத் திரண்ட கூட்டத்தின் குதிரை வண்டிகளால் தெருவே அடைபட்டதாகவும், அதனால் ஆல்பமார்ல் தெரு லண்டனின் முதல் ஒருவழிப் பாதையாக்கப்பட்டதாகவும் கூறுவர். டேவியின் மேடைக் கவர்ச்சி பெரும்பாலும் இயல்பாக அமைந்தது. கற்றுக்கொள்ளக்கூடிய கலையாக அறிவியல் பேச்சை முதலில் ஆராய்ந்து பார்த்தவர் அவருடைய உதவியாளராக வந்துசேர்ந்த மைக்கேல் ஃபாரடே ஆவார்.

கொல்லர் ஒருவரின் மகனாக 1791-இல் பிறந்து, புத்தகம் கட்டும் பட்டறையில் தொழில் பயின்ற ஃபாரடேக்குக் கல்லூரிப் படிப்பு இல்லை. 1812-இல் டேவியின் நான்கு உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைப் படங்களுடன் விரித்தெழுதித் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. பலரும் அறிந்த இச்செய்தியைவிட, இந்தக் கட்டுரைப் பொருளுக்கு நெருக்கமானது அதே ஆண்டு ஜூன் மாதத்தில், இருபத்தொரு வயதில், தம் நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்கு அவர் எழுதிய கடிதத் தொடராகும். சொற்பொழிவு மண்டபத்தின் காற்றோட்டம், இருக்கைகளின் அமைப்பு, மேசைமீது கருவிகளை வைக்கும் முறை, பேச்சின் வேகம், உரையாளரின் நிற்கும் நிலை, அவர் அவையினரை நோக்கியே பேச வேண்டியதன் தேவை, செய்முறையும் விளக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டிய விதம் எனக் கண்ணுக்குப் பட்ட ஒவ்வொன்றையும் அவர் அதில் அலசியிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்த உரையும் நீளலாகாது என்றும், கைதட்டலைத் தேடிப் பேசும் உரையாளர் தம் தகுதியிலிருந்து வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறார் என்றும் அவர் உறுதிபடக் கூறுகிறார். அதுவரை மேடையேறிப் பேசியிராத இளைஞர், பிறர் பேசுவதைக் கவனித்தே இத்தனையையும் திரட்டியிருக்கிறார் என்பது வியப்புக்குரியது.

தாமே பேசிப் பயில அவருக்குக் களம் அமைத்துக் கொடுத்தது பெரிய நிறுவனம் அன்று. ஜான் டேட்டம் என்பவரின் இல்லத்தில் கூடிய நகரத் தத்துவக் கழகம் என்ற சிறிய சங்கத்தில், அலுவலக எழுத்தர்களும் கைத்தொழிலாளர்களுமான இளைஞர்கள் முறைவைத்து ஒருவருக்கொருவர் அறிவியல் உரை நிகழ்த்தினர். ஃபாரடே தம் தொடக்ககால உரைகளை 1816-இல் அங்கேதான் ஆற்றினார். பின்னர் பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடம் பாடமும் கேட்டார். உரை நிகழ்த்தும்போது 'நிதானம்' என்று பொருள்படும் சொல் எழுதிய அட்டை ஒன்றைத் தம் கண்முன் வைத்திருப்பது அவர் வழக்கம்; வேகம் கூடிவிட்டால் உதவியாளர் ஆண்டர்சன் அதை எடுத்து அவருக்கு எதிரே நிறுத்துவார்; மணி முடியும் தறுவாயில் நேரத்தை நினைவூட்டும் மற்றோர் அட்டை வரும். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றவர், ஓர் அட்டையின் கட்டளைக்குத் தம் பேச்சை உட்படுத்திக்கொண்டார் என்பதில் இன்றைய போட்டிகளின் கடிகாரத்துக்கு முன்னோடி தெளிவாகத் தெரிகிறது.

1820-களின் நடுவில் ராயல் இன்ஸ்டிடியூஷன், உறுப்பினர்களுக்கும் விருந்தினர்களுக்குமான வெள்ளிக்கிழமை மாலை உரைகளையும், சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைகளையும் தொடங்கியது. பின்னதில் மட்டும் ஃபாரடே 1827 முதல் 1860 வரை பத்தொன்பது தொடர்கள் ஆற்றினார். வெள்ளிக்கிழமை உரைக்குச் சில கடுமையான மரபுகள் உண்டு: வரவேற்புரையோ அறிமுகமோ இன்றி உரையாளர் நேராகப் பொருளுக்குள் நுழைய வேண்டும்; ஒரு மணி நேரம் நிறைந்ததும் முடித்துவிட வேண்டும். நீண்ட வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் பழகிப்போன மேடைப் பண்பாடுகள் இந்த ஒரு விதியையேனும் பின்பற்றினால் கேட்பவர்களுக்குப் பெரும் நன்மையாகும். 1897 ஜனவரி 29 அன்று இதே மேடையில் கொல்கத்தாவின் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், தாமே வடிவமைத்த சிறிய கருவிகளைக் கொண்டு மின்காந்த அலைகளின் தன்மைகளைச் செய்து காட்டினார். குடியேற்ற நாட்டு ஆய்வாளர் ஒருவரின் திறம் ஐரோப்பிய அவைக்குப் புலப்பட அம்மாலைப் பொழுது துணைசெய்தது.

1831-இல் யார்க் நகரில் தோன்றிய பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் ஆண்டுக்கொரு நகரமாகச் சென்று கூட்டம் நடத்தி, தலைநகருக்கு வெளியே இருந்தவர்களுக்கும் ஆய்வாளர்களின் குரலைக் கேட்கச் செய்தது. 1868-இல் நார்விச் நகரில் அச்சங்கத்தின் கூட்டத்தையொட்டித் தொழிலாளர்களுக்கு தாமஸ் ஹக்ஸ்லி ஆற்றிய உரை, தச்சர் பையில் கிடக்கும் ஒரு சுண்ணாம்புக் கட்டியிலிருந்து தொடங்கிப் பூமியின் நெடிய வரலாற்றை விரித்தது. எனினும் இருபதாம் நூற்றாண்டில் துறைகள் கிளைத்துப் பெருகி, ஆய்விதழ்களில் எழுதுவதே ஆய்வாளரின் ஒரே தகுதியாகக் கருதப்படலாயிற்று. பொதுமக்களிடம் பேசுபவர் ஆய்வில் குறைந்தவர் என்ற எண்ணமும் கல்விக்கூடங்களில் பரவியது. இந்நிலையை மாற்ற முயன்ற முக்கிய ஆவணம், மரபணுவியலாளர் வால்டர் பாட்மர் தலைமையிலான குழு தயாரிக்க, பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 1985-இல் வெளியிட்ட அறிக்கையாகும். மக்களிடம் பேசுவது விஞ்ஞானியின் விருப்பத்தைப் பொறுத்த செயல் அன்று, அவருடைய கடமை என்று அது வலியுறுத்தியது.

கடமை என்று அறிவித்ததால் மட்டும் திறமை வந்துவிடாது என்பது விரைவில் தெரியவந்தது. அந்த இடைவெளியை நிரப்பவே, 2005-இல் இங்கிலாந்தின் செல்ட்டனம் அறிவியல் விழாவில் ஃபேம்லேப் என்ற போட்டி தொடங்கப்பட்டது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் சாயல் அதன் அமைப்பில் வெளிப்படையாகவே இருந்தது. போட்டியாளருக்கு மூன்று நிமிடம். திரையில் காட்டும் ஸ்லைடுகளுக்கு இடமில்லை. மேடைக்குக் கையில் எடுத்துவரக்கூடிய பொருள் எதுவாயினும் பயன்படுத்தலாம். பொருளின் சரித்தன்மை, தெளிவு, மேடைக் கவர்ச்சி ஆகிய மூன்றும் மதிப்பெண்ணுக்குரிய அளவுகோல்கள். முதலாண்டு வென்ற மார்க் லூனி கிதாரைக் கொண்டு ஒலியின் இயற்பியலை விளக்கினார். பின்னர் பிரிட்டிஷ் கவுன்சில் இப்போட்டியை முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கொண்டுசென்றது. அமெரிக்காவில் நாசாவே அதை நடத்த முன்வந்தது. இதற்கு இணையாக, ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் நகரில் 2006-இல் 'சயின்ஸ் ஸ்லாம்' பிறந்தது. கவிஞர்கள் போட்டியிட்டுக் கவிதை வாசிக்கும் நிகழ்வை ஒட்டி அமைந்த அதில், வெற்றியாளரைத் தீர்மானிப்பவர்கள் அவையினரே.

இவற்றுள் மிகப் பரவலாக வேரூன்றியது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008-இல் தோன்றிய 'த்ரீ மினிட் தீசிஸ்', அதாவது மூன்று நிமிட ஆய்வேடு என்னும் போட்டியாகும். அதன் பிறப்புக்கு வறட்சி ஒரு காரணமாக அமைந்தது. அந்த ஆண்டுகளில் குயின்ஸ்லாந்தின் தென்கிழக்குப் பகுதி கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவித்தது. 2007-இல் பிரிஸ்பேனுக்குக் குடிநீர் தரும் அணைகளின் கூட்டு இருப்பு 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆளுக்கு நாளொன்றுக்கு 140 லிட்டர் என்ற இலக்கை அரசு அறிவித்தது. குளிக்கும் நேரத்தைக் குறைக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டதால், முட்டை வேகவைக்கப் பயன்படும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தைப் பலர் குளியலறைச் சுவரில் பொருத்தியிருந்தனர். பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பட்டப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பேராசிரியர் ஆலன் லாசன், அந்த மூன்று நிமிட அளவை ஆய்வு மாணவர்களின் பேச்சுக்கு வரையறையாக்கும் எண்ணத்தை அதிலிருந்தே பெற்றார். முதலாண்டில் 160 ஆய்வு மாணவர்கள் கலந்துகொண்டனர். 2009-இல் பிற ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்குப் பரவி, 2010-இல் இரு நாடுகளின் 33 பல்கலைக்கழகங்கள் பங்கேற்ற முதல் கூட்டுப் போட்டியாக விரிந்தது. இப்போது 900-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதை நடத்துகின்றன.

அப்போட்டியின் விதிகள் நுணுக்கமாக யோசித்து அமைக்கப்பட்டவை. அசைவற்ற ஒரே ஒரு ஸ்லைடு அனுமதி. ஒலி, காணொலி, ஆய்வுக்கூடக் கருவி, வேடம் எதுவும் கூடாது. பாட்டாகவோ கவிதையாகவோ பேசக் கூடாது. மூன்று நிமிடத்தை ஒரு நொடி தாண்டினாலும் தகுதி நீக்கம். போட்டியாளர் வாய் திறக்கும்போதோ, பேச்சின் பகுதியாக உடலசைவைத் தொடங்கும்போதோ, எது முந்துகிறதோ அப்போதே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 80,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டை வாய்விட்டுப் படித்துக்காட்ட ஒன்பது மணி நேரம் ஆகும் என்பதைப் போட்டி அமைப்பாளர்களே சுட்டிக்காட்டுவது வழக்கம். ஆகவே மாணவர் எதை விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும், அம்முடிவுக்குத் தம் ஆய்வின் மையம் எது என்ற தெளிவு வேண்டும். நடுவர்களுக்கான வழிகாட்டுதலில் ஆய்வைக் கொச்சைப்படுத்தாமலும் மேம்போக்காகப் பொதுமைப்படுத்தாமலும் பேசினாரா என்ற கேள்வி இடம்பெறுகிறது. மேடைக் கவர்ச்சியைத் தனி அளவுகோலாக வைத்த போட்டியைவிட, இந்த எளிய விதிகளே ஆய்வு மாணவருக்குக் கூடுதல் பயனளிப்பவை. கருவியும் வேடமும் விலக்கப்பட்டால் எஞ்சுவது சொல்லும் சிந்தனையும் மட்டுமே.

இன்னொரு நீரோட்டமும் இக்காலத்தில் வந்து கலந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990 முதல் மாணவர்கள் புதிய தொழில் திட்டங்களை முன்வைத்துப் பரிசு பெறும் போட்டி நடந்துவந்தது. முதலீட்டாளர் முன் குறுகிய நேரத்தில் திட்டத்தை முன்வைக்கும் இவ்வகைப் பேச்சுக்குப் 'பிட்ச்' என்று பெயர்; அறிவியல் மேடைக்கும் அதன் சாயல் வந்துசேர்ந்தது. பெர்லின் சுவர் விழுந்ததன் இருபதாம் ஆண்டு நாளான 2009 நவம்பர் 9-இல் அந்நகரில் தொடங்கிய 'ஃபாலிங் வால்ஸ்', அதாவது விழும் சுவர்கள் என்னும் மாநாடு, அறிவியலில் அடுத்து விழப்போகும் சுவர்கள் எவை என்ற கேள்வியை எழுப்பியது. 2011 முதல் அதனோடு இணைந்து நடக்கும் இளையோர் போட்டியில், உலகெங்கும் நடக்கும் தகுதிச் சுற்றுகளில் வென்ற ஏறத்தாழ நூறு பேர் பெர்லினில் கூடி, ஆய்வு முடிவையோ தொழில் திட்டத்தையோ சமூக முயற்சியையோ தலைக்கு மூன்று நிமிடம் முன்வைக்கின்றனர். இங்கே ஆய்வை விளக்குவதோடு, அதனால் எந்தத் தடை நீங்கும் என்றும் வாதிட வேண்டியிருக்கிறது. வாக்குறுதி ஆய்வின் உண்மையான எல்லையைத் தாண்டிவிடும் ஆபத்து இதில் உண்டு. கைதட்டலைத் தேடாதே என்று 1813-இல் ஃபாரடே எழுதியது, இப்போட்டியாளர்கள் அனைவரும் மனத்தில் இருத்த வேண்டிய விதியாகும்.

தமிழ் வாசகர் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய திருப்பம் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நிகழ்ந்தது. பிரெஞ்சு மொழியில் அறிவியலை வளர்க்கும் அக்ஃபாஸ் என்ற சங்கம், மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டியை 2012-இல் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுவந்து, 180 நொடிகளில் என் ஆய்வேடு என்று பொருள்படும் பெயரில் நடத்தியது. ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவரும் காலத்தில், தம் தாய்மொழியில் ஆய்வைப் பேச ஒரு மேடை இருக்க வேண்டும் என்ற உறுதி அம்முயற்சியில் தெரிந்தது. 2014-இல் பிரான்ஸ், பெல்ஜியம், மொராக்கோ, கியூபெக் ஆகியவற்றின் போட்டியாளர்கள் மான்ட்ரியலில் நடந்த முதல் பன்னாட்டு இறுதிச் சுற்றில் கலந்துகொண்டனர். பின்னர் ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடுகள் பலவும் இணைந்தன.

இந்தியாவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் தொடங்கிய அவ்சார் விருது, ஆய்வு மாணவர்கள் தம் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி கட்டுரையாக எழுத ஊக்கமளித்தது. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்கள், தம் ஊரின் தண்ணீரையும் மண்ணையும் பயிரையும் ஆராய்ந்து, கண்டதைத் தமிழிலேயே நடுவர்கள்முன் எடுத்துரைக்கிறார்கள். பதின்மூன்று வயதில் தமிழில் ஆய்வைப் பேசிய மாணவி, முனைவர் பட்டம் பெறும் வயதில் அதைத் தமிழில் சொல்ல வாய்ப்பின்றிப் போவது பெருங்குறையாகும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கான இறுதி வாய்மொழித் தேர்வு பொது நிகழ்வாகவே நடத்தப்படுகிறது. எவரும் வந்து கேட்கலாம். அத்தேர்வின் தொடக்கத்தில், வந்திருக்கும் பெற்றோருக்கும் உற்றாருக்கும் பிற துறையினருக்கும் புரியும்படி மூன்று நிமிடம் தமிழில் தம் ஆய்வைச் சொல்லும்படி ஆய்வாளரைக் கேட்பதைப் பல்கலைக்கழகங்கள் தம் விதிகளில் சேர்க்க வேண்டும். அதற்குத் தனி நிதியோ புதிய மண்டபமோ தேவையில்லை.