எக்ஸ்எம்பிபி சேவையகக் கூறு

எக்ஸ்எம்பிபி என்னும் உடனடிச் செய்தி நெறிமுறையில், மையச் சேவையகத்துக்கு வெளியே தனி நிரலாக ஓடி, தனக்கென ஒரு முகவரியையும் கொண்டிருப்பது சேவையகக் கூறு. இந்நெறிமுறையின் தோற்றுவாய், ஜெரமி மில்லர் 1999இல் அறிவித்த ஜாபர் திட்டம். அதில் ஐசிக்யூ போன்ற பிற சேவைகளோடு பேச இத்தகைய கூறுகளே வாயிலாக இருந்தன.

இணைப்பு முறை எளிது, சற்றுப் பழையதும்கூட. கூறு, வழக்கமாக 5347ஆம் போர்ட் வழியே சேவையகத்தை அடைகிறது. சேவையகம் தரும் இணைப்பு அடையாளத்தின் பின்னால், இருபுறமும் அறிந்த இரகசியச் சொல்லை ஒட்டி, ஷா-1 முறையில் சுருக்கி அனுப்புகிறது. ஒத்துப்போனால் அனுமதி கிடைக்கும். கூறின் பெயர் ‘அரட்டை.உதாரணம்.இலங்கை’ என்றிருந்தால், @ குறிக்கு முன் எந்தப் பெயர் இருந்தாலும், அந்த முகவரிக்கு வரும் செய்தியெல்லாம் அதனிடமே சேரும். ஒவ்வொரு பெயருக்கும் தனிக் கணக்கு திறக்க வேண்டியதில்லை. கூறின் உண்மையான பலம் இதுவே. ஆனால் பதிலில் அனுப்புநர் முகவரியைக் கூறுதான் எழுத வேண்டும். தொடர்புப் பட்டியலையும் சேவையகம் பராமரித்துத் தராது.

ஈஜாபர்ட், பிரோசடி என்னும் சேவையக மென்பொருள்கள் இரண்டும் இம்முறையை ஏற்கின்றன. இதன் விதிகளில் மறைகுறியாக்கம் சேர்க்கப்படாததால், கூறை அதே கணினியிலோ நம்பகமான உள்வலையமைப்பிலோ இயக்குவதே சரி.