தொழிலாளர் சிறு அளவில் எடுத்துச் செல்லும் அபாயப் பண்டங்கள்

எரிபொருள், அமிலம், அழுத்தவாயு, பூச்சிமருந்து முதலிய அபாயப் பண்டங்களை விற்பனைக்காக அன்றித் தம் வேலைக்கு வேண்டிய அளவில் மாத்திரம் தொழிலாளர் கொண்டுபோவதை ஒழுங்குபடுத்தும் விதிகள், இந்தியாவில் ஒரே சட்டத்தில் தொகுக்கப்பெறாமல், 1934 ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், 1968 ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1989 ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், அதே ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 2016 ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகள் எனப் பலவிடங்களிற் பரவிக் கிடக்கின்றன. பண்டம் மாறச் சட்டமும் மாறும். சுமப்பவனை முன்னிட்டு எழுதப்பட்ட தனித் தொகுதி இல்லை.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள வேதாரண்யம் வட்டாரத்தில் இப்பண்டங்கள் அன்றாடம் கைமாறுவன. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களில் உவர்நீர் இறைக்கும் எஞ்சின்களுக்கு டீசல் வேண்டும். ஆறுகாட்டுத்துறை, கோடியக்கரை மீனவர்களின் படகு எஞ்சின்களுக்கு எண்ணெய் வேண்டும். நெல்வயலுக்கும் முல்லைத் தோட்டத்துக்கும் பூச்சிமருந்து வேண்டும். பட்டறைக்கு ஆக்சிஜனும் அசெட்டிலீனும் வேண்டும். உப்புக்கு அயோடின் ஊட்டப் பயன்படும் பொட்டாசியம் அயோடேட் இவ்வகையிற் சிறந்த உதாரணம். ஒரு டன் உப்பில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு அயோடின் சேர்க்க ஏறத்தாழ 50 கிராம் அயோடேட் போதுமாதலால், பல நாள் வேலைக்கான சரக்கு ஒரு கைப்பையில் அடங்கிவிடும். ஆயினும், தான் எரியாமல் பிற பொருள்கள் மூண்டெரியத் துணைபுரியும் இயல்பினதாகையால், அதை டீசல் கேனுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டுதல் ஆகாது.

எரிபொருளைப் பெட்ரோலியச் சட்டம் தீப்பற்றும் வெப்பநிலையைக் கொண்டு வகுக்கிறது. 23 பாகை செல்சியசுக்குக் கீழே பற்றும் பெட்ரோல் முதல் வகுப்பு. அதற்குமேல் 65 பாகைக்குள் பற்றும் மண்ணெண்ணெய், டீசல் முதலியன இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பை விற்பனைக்கன்றி 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் சட்டம் இடங்கொடுக்கிறது. எனினும், கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரமாயின் 1 லிட்டருக்கும், உலோகப் பாத்திரமாயின் 25 லிட்டருக்கும் மேற்படாமல், இறுக மூடப்பெற்றிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் உண்டு. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போகும் வழக்கம் இந்நிபந்தனையின் கருத்துக்கு முற்றும் மாறானது. இரண்டாம் வகுப்புக்கு எல்லை பெரிது: எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டரைத் தாண்டாத பட்சத்தில் 2,500 லிட்டர் வரை உரிமம் வேண்டியதில்லை.

வாயு உருளைகளைப் பற்றிய விதி இன்னும் கண்டிப்பானது. வாயு நிரம்பிய உருளையைச் சைக்கிளிலோ மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டியிலோ ஏற்றுதல் கூடாது. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிராமலும், ஒன்றோடொன்று மோதாமலும் உருளைகளைக் கட்டியிருத்தல் வேண்டும். எரியும் வாயுவை மற்ற வாயுக்களோடு சேர்த்து ஏற்றுவதும் விலக்கப்பட்டுள்ளது. ஆக்சிஜனையும் அசெட்டிலீனையும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டு புறப்படும் வெல்டிங் தொழிலாளி இதனை அறிந்திருத்தல் அவசியம்.

பூச்சிமருந்து பற்றிய விதிகளின் பின்னே ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1958 இல் கேரளத்தில், கப்பலில் உணவுப் பண்டத்தோடு ஒன்றாய் ஏற்றப்பட்ட பாலிடால் என்னும் பாரத்தியான் மருந்து கசிந்து கோதுமை மாவிற் கலக்க, அதனை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருந்து தன்னளவில் தவறு செய்யவில்லை. அதற்கும் மாவுக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய தூரம் இல்லாமற் போனதே கேடு விளைத்தது. அதன் பயனாகப் பிறந்ததே 1968 ஆம் ஆண்டின் சட்டம். மனிதர் உணவோடும் கால்நடைத் தீவனத்தோடும் நேரே படும்படி பூச்சிமருந்தைக் கொண்டுசெல்லவோ சேமிக்கவோ கூடாதென்றும், பொட்டலம் சேதமுற்று மருந்து கலந்த உணவைத் தக்க அதிகாரிகள் பரிசோதிக்காமல் மக்களுக்கு விடலாகாதென்றும் 1971 ஆம் ஆண்டின் விதிகள் வரையறுத்தன. வேதாரண்யத்துக் கடைத்தெருவில் மருந்து டப்பாவை வாங்கி, அதே பையில் அரிசியையும் புளியையும் போட்டு, சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஊர் திரும்பும் பண்ணைத் தொழிலாளி, கப்பலில் நடந்ததையே சிறு அளவில் திரும்பச் செய்கிறான் என்பதை எவரேனும் அவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். டப்பாவின் மேல் சாய்சதுரமாய் அச்சிட்டிருக்கும் குறியில், கீழ்ப்பாதி சிவப்பாயின் அதிகொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வரவரக் கடுமை குறையும். எழுத்தறியாதவரும் அறியத்தக்க அடையாளம் இது.

நெல் கிடங்குகளில் புகைமூட்டப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தனியே குறிப்பிடத்தக்கது. 3 கிராம் மாத்திரை ஒன்று ஈரத்தோடு கூடி ஏறத்தாழ 1 கிராம் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை வெளிவிடும். கடற்காற்று ஓயாது வீசும் இவ்வூரில், திறந்த குப்பியை மடியிலோ மூடிய காரின் உள்ளேயோ வைத்துப் பிரயாணம் செய்தல் உயிருக்கு உலை வைப்பதாகும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகல ரயில் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டபின், ரயில்வே சட்டத்தின் 67 ஆம் பிரிவும் இவ்வூர்த் தொழிலாளருக்கு நேரே பொருந்துவதாயிற்று. அபாயப் பண்டத்தை முன்னறிவிப்பின்றி ரயிலிற் கொண்டுவருவோருக்கு 164 ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியொன்றில், ஒளித்துக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரால் தீ மூண்டு ஒன்பது பேர் மடிந்தனர்.

மோட்டார் வாகன விதிகளின் 9 ஆம் விதி, அபாயச் சரக்கேற்றும் சரக்கு வண்டியின் ஓட்டுநருக்கு மூன்று நாட் பயிற்சியைக் கட்டாயமாக்குகிறது. தம் சொந்த ஸ்கூட்டரில் முதலாளிக்காக மருந்து கொண்டுபோகும் கூலியாளை அது தொடுவதில்லை. அமெரிக்கா இத்தகைய தொழிற்பண்டங்களுக்கென்றே தனி விதி வகுத்து, வண்டி ஒன்றுக்கு மொத்தம் 200 கிலோ என்று பொது எல்லையிட்டு, கசியாத உறையையும் பெயர்க்குறியையும் வேண்டி, வண்டியில் இன்னது உள்ளதென்று ஓட்டுநருக்கு அறிவித்தாக வேண்டும் என்கிறது. 1957 இல் ஜெனீவாவில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கையும் தொழிலுக்குத் துணையான சிறு சரக்குக்குத் தனிச் சலுகை தருகிறது. நம் நாட்டிலும் இவ்வாறு ஒரு விதி, அறிவிக்கும் கடமையை முதலாளியின் மேல் ஏற்றி, எளிய தமிழில் வெளிவருதல் மிகவும் அவசியம் என்பதில் ஐயமில்லை.

வழியிற் பூச்சிமருந்து கசிந்தால், நஞ்சேறுதலையும் மண்ணும் நீரும் கெடுதலையும் உடனே தடுக்கும் பொறுப்பு கொண்டுசெல்லும் நிறுவனத்துடையது என்று 1971 ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. கோடியக்கரைச் சதுப்புநிலம் 2002 இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பெற்ற இப்பகுதியில், சிந்திய மருந்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாமல், மணலோ காய்ந்த மண்ணோ தூவி ஊறவைத்து, அள்ளி மூடிய பாத்திரத்தில் எடுத்துவருதலே முறை.