பாலாற்றில் கரைந்த உப்பு

சட்டம் படிக்கும் மாணவர் யாரிடமாவது 'வேலூர் வழக்கு' என்று சொல்லிப் பாருங்கள். "மாசுபடுத்தினவன் பணம் கட்டணும்" என்ற கொள்கையை உடனே சொல்லிவிடுவார். ஆனால் அந்த வழக்கு எழுந்த ஊர்களுக்கு, பாலாறு பக்கத்திலேயே இருந்தும், மேட்டூரிலிருந்து குழாய் போட்டுக் காவிரித் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு விஷயம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழில் புதிதல்ல. முன்பெல்லாம் ஆவாரம்பட்டை, கடுக்காய் வைத்துத் தோல் பதனிட்டார்கள். 1970களில் பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுத் தோலாகவும் செருப்பாகவும் அனுப்பச் சொன்னது. அன்னியச் செலாவணி பெருகியது. குரோமியம் உப்பில் பதனிடுவதும் பெருகியது.

குரோமியம் என்றதும் எல்லாரும் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியதுதான். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அங்கேயே விட்டுப் போனது. ஆனால் கிணற்று நீரின் சுவையைக் கெடுத்தது சாதாரண உப்பு! தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவி வைப்பார்கள். டேனரியில் முதல் வேலையே அதை ஊறவைத்துக் கழுவுவது. கழுவிய தண்ணீர் பாலாற்றுக்கும் ஏரிக்கும் போனது. பாலாறு மணல் ஆறு. வருஷத்தில் பல மாதம் மேலே நீர் இருக்காது, மணலுக்கு அடியில்தான் இருக்கும். ஊர்க் குடிநீரும் அங்கிருந்துதான். அடித்துக்கொண்டு போக வெள்ளம் இல்லாததால் உப்பு அங்கேயே தங்கிவிட்டது.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வின் தீர்ப்பு வந்தது. அதில் இரண்டு எண்கள் முக்கியம்: ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர், பாழான அல்லது பாதி பாழான விளைநிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர். ஐந்து மாவட்டங்களிலும் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையம். வழக்கைத் தொடர்ந்து கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'பசுமை அமர்வு'.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் வழக்கமான சுத்திகரிப்பு அழுக்கை எடுக்கும், குரோமியத்தை வண்டலாகப் படியவைக்கும், கரைந்த உப்பை விட்டுவிடும். உப்பை எடுக்க ஆர்.ஓ. வேண்டும், மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்ச வேண்டும். செலவு அதிகம், கடைசியில் மலையாய்க் குவிகிற உப்பை என்ன செய்வது என்ற கேள்வி வேறு. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். நீரிலிருந்து பிரித்ததாலேயே கழிவு இல்லாமல் போய்விடாது.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியிருந்தது. நிலுவை இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமையட்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 ஆண்டுகள்.

வீட்டு போர் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியத் தரத்தில் 500 வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம். ஆனால் அந்த மீட்டர் கரைந்த உப்பைத்தான் மதிப்பிடும், குரோமியத்தைத் தனியாகக் காட்டாது. லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற அதன் வரம்பைப் பரிசோதனைக் கூடத்தில்தான் பார்க்க முடியும். கொதிக்கவைத்தாலும் இரண்டும் போகாது.

காவிரி வந்ததால் குடிக்கிறவர்கள் பிழைத்தார்கள். காவிரியை வயலுக்குப் பாய்ச்ச முடியாது. விவசாயிக்கு இன்றும் அதே கிணறுதான்.