சிகாகோவுக்குப் போன மரப்பாம்பு

1957 செப்டம்பர் 25. சிகாகோவின் லிங்கன் பார்க் விலங்கியல் பூங்காவிலிருந்து ஒரு பாம்பு, அதே ஏரிக்கரையில் தெற்கே இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர். இன்னும் வளர வேண்டிய பாம்பு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பது தெரியும். இனத்தை உறுதிசெய்து சொல்ல வேண்டும். பூங்காவின் இயக்குநர் மார்லின் பெர்கின்ஸ் அதற்காகத்தான் அனுப்பியிருந்தார். பாம்பு விஷயத்தில் அவர் அலட்சியமானவர் அல்லர். இளம் வயதில் கபூன் விரியனிடம் கடிபட்டுப் பிழைத்தவர்.

அந்தப் பாம்பின் இனம் பூம்ஸ்லாங். சகாராவுக்குத் தெற்கே மரங்களிலும் புதர்களிலும் வாழ்வது. பச்சோந்தி, குஞ்சுப் பறவை, முட்டை என்று மரத்தின் மேலேயே அதற்கு இரை கிடைத்துவிடும். வளர்ந்த ஆண் பெரும்பாலும் பச்சை, பெண் பழுப்பு. குட்டியின் உடல் சாம்பலும் பழுப்புமாக இருக்கும், தலையோ சிறியது. அதில் மரகதம் பதித்ததுபோல் இரண்டு பெரிய கண்கள். மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும். மிரட்டினால் தொண்டையை உப்பவைத்துக் காட்டும். பிடித்தால்தான் கடிக்கும். 1828-இல் ஆண்ட்ரூ ஸ்மித் இதற்கு அறிவியல் பெயர் வைத்து 130 ஆண்டுகள் ஆகவிருந்தன. ஆகவே யாரும் அறியாத பாம்பு என்று சொல்ல முடியாது. அறிந்திருந்ததில்தான் ஒரு ஓட்டை இருந்தது.

அந்த ஓட்டை பல்லைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு அறிஞர் துமெரில், பாம்புகளைப் பல்லமைப்பின்படி பிரித்தார். நாகத்துக்கும் விரியனுக்கும் நச்சுப்பல் மேல்தாடையின் முன்னால் இருக்கிறது. வேறு பல பாம்புகளுக்குப் பெரிய பற்கள் தாடையின் பின்பகுதியில், ஏறக்குறைய கண்ணுக்குக் கீழே இருக்கின்றன. இவற்றில் துளை கிடையாது. பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடும். விஷத்தை அழுத்தித் தள்ள விரியனுக்கு இருப்பதுபோன்ற தசையும் இல்லை. கடித்ததை விடாமல் மென்றால், சுரப்பியிலிருந்து வரும் நீர் அந்தப் பள்ளத்தின் வழியே காயத்துக்குள் கசியும். பாம்பைப் பற்றி எழுதியவர்கள் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பின்பல் பாம்பு இரையை மயக்கும், மனிதரைக் கொல்லாது. பல்லிக்கும் தவளைக்குமான விஷம் நமக்கு ஒன்றும் செய்யாது என்ற அந்த எண்ணம் நூலிலிருந்து நூலுக்கு நகர்ந்து, பாம்பு பிடிப்பவர், வளர்ப்பவர், ஆராய்பவர் எல்லோருக்கும் பொது அறிவாக ஆனது.

தென்னாப்பிரிக்காவில் அந்த நம்பிக்கை ஏற்கெனவே ஆட்டங்கண்டிருந்தது. பூம்ஸ்லாங் கடித்து இரத்தம் நிற்காமல் போனவர்களை அங்குள்ள மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் வட அமெரிக்காவில், கூண்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களிடம் அந்தச் செய்தி அதே கனத்தோடு போய்ச் சேரவில்லை.

அருங்காட்சியகத்தில் பாம்பைப் பார்க்க உட்கார்ந்தவர் கார்ல் பி. ஷ்மிட். வயது 67. விலங்கியல் பிரிவின் தலைமைக் காப்பாளராக இருந்து இரண்டாண்டு முன்புதான் ஓய்வுபெற்றவர். பவளப்பாம்புகளை வகைப்படுத்துவதில் அவருக்கு இணையாகச் சொல்லச் சிலரே இருந்தார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பெல்ஜியன் காங்கோவிலிருந்து நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு வந்த பாம்புச் சேகரிப்பை ஆராய்ந்து 1923-இலேயே நூலளவு கட்டுரை எழுதியவர் அவர். ஆப்பிரிக்கப் பாம்புகள் அவருக்குப் புதியவை அல்ல. பூம்ஸ்லாங்காக இருக்கலாம் என்ற பேச்சும் அறையில் எழுந்தது. தலையின் வடிவமும் நிறமும் அப்படித்தான் சொல்லின. ஆனால் வாலுக்கு முன்னே கழிவுத்துளையை மூடும் செதில் அந்த இனத்தில் இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். இந்தப் பாம்பில் பிளவு இல்லை. ஒரு செதில் எல்லோரையும் தயங்க வைத்தது.

அருங்காட்சியகத்தின் சக ஆய்வாளர் ராபர்ட் இங்கரிடமிருந்து ஷ்மிட் பாம்பைக் கையில் வாங்கினார். தலைக்கு வெகு பின்னால் பிடித்துவிட்டார். பாம்பு திரும்பி இடது கட்டைவிரலைக் கவ்வியது. பின்பற்களில் ஒன்று மட்டும் முழுதாக இறங்கியிருந்தது. அதன் ஆழம் 3 மில்லிமீட்டர்தான். காயத்தை உறிஞ்சினார், பிறகு என்னென்ன ஆகிறது என்று குறித்துக்கொள்ளத் தொடங்கினார்.

பாம்பின் பயணம் அந்த அறையோடு முடிந்துவிட்டது. அதன் விஷம் இனிமேல்தான் கிளம்ப வேண்டியிருந்தது. பூம்ஸ்லாங்கின் விஷம் நரம்பைத் தாக்குவதில்லை. இரத்தம் உறைவதற்கு நம் உடலில் ஒன்றையொன்று எழுப்பும் புரதங்களின் வரிசை உண்டு. அந்த வரிசையின் நடுவில் இருக்கும் பத்தாம் காரணியையும் புரோத்ராம்பினையும் இது தட்டி எழுப்பிவிடுகிறது. காயம் இல்லாத இடத்திலும் நுண்ணிய இரத்தக் கட்டிகள் உருவாகின்றன; உருவாக உருவாக ஃபைப்ரினோஜன் தீர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் உண்மையான கசிவு வரும்போது அடைக்க உடலில் ஒன்றும் மிச்சமில்லை. ஈறு, மூக்கு, சிறுநீரகம், மூளை என்று எங்கிருந்து வேண்டுமானாலும் இரத்தம் வரும். இதற்குச் சில மில்லிகிராம் விஷம் போதும். இன்னும் கொடுமையானது அதன் தாமதம். நாகம் கடித்தால் உடல் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே கடிபட்டவர் பெரும்பாலும் மணிக்கணக்கில் நன்றாகவே இருப்பார். தப்பித்தோம் என்று நினைக்க அது தாராளமாக அவகாசம் தருகிறது.

ஷ்மிட் புறநகர் ரயிலேறி ஹோம்வுட்டில் இருந்த வீட்டுக்குப் போனார். வழியில் கடும் குமட்டல். மாலையில் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வந்தன, வாயில் இரத்தம் கசிந்தது. இரவு கொஞ்சம் பாலில் ஊறிய ரொட்டி சாப்பிட்டார். நள்ளிரவுக்குப் பின் சிறுநீரில் இரத்தம். விடிந்ததும் உடல் தேறியதுபோல் தோன்றியது; காலை உணவு சாப்பிட்டார், அதையும் குறித்தார். நேரம், வெப்பநிலை, சாப்பிட்டது, கசிந்த இடம் என்று வரிசையாகப் போகும் அந்தக் குறிப்புகளைப் படித்தால் பயந்த மனிதர் ஒருவர் தென்படமாட்டார். உயிருக்கு ஆபத்து என்று அவர் கடைசிவரை நினைத்ததாகத் தெரியவில்லை. சிறிய பாம்பு, ஒற்றைப் பல், அதுவும் பின்பல். நூற்றாண்டுக் கால நம்பிக்கை முழுவதும் அவர் பக்கம் இருந்தது. மதிய உணவுக்குப் பின் வாந்தி எடுத்தார், மூச்சு முட்டியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உயிர் போயிருந்தது. கடிபட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. உடற்கூறாய்வில் மூளையிலும் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இரத்தக்கசிவு காணப்பட்டது.

அறிவியலுக்காக உயிரைக் கொடுத்தார் என்று இதை ஒரு வீரக்கதையாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாகத் துணிந்தவர் மறுநாள் காலை முட்டையும் காப்பியும் சாப்பிட்டதை எழுதி வைக்கமாட்டார். அவர் குணமாகிக்கொண்டிருந்ததாகவே நினைத்து எழுதினார். அந்தக் குறிப்புகளின் மதிப்பும் அதில்தான் இருக்கிறது. பூம்ஸ்லாங் விஷம் ஒரு அறிஞரைக்கூட எத்தனை மணி நேரம் நம்ப வைக்கும் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சியம் இல்லை.

அடுத்து அந்தத் தாள்கள் பயணப்பட்டன. அருங்காட்சியகத்தில் அவரோடு பணியாற்றிய கிளிஃபர்ட் போப், 1958-இல் 'கோபியா' ஆய்விதழில் அவற்றை வெளியிட்டார். பாம்பியல் படிப்பவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால் தாள்கள் போன வேகத்தில் பாடம் போகவில்லை. பூம்ஸ்லாங் ஒரு விதிவிலக்கு என்று எழுதி, மற்றப் பின்பல் பாம்புகளைப் பழைய இடத்திலேயே விட்டுவைத்தார்கள். 1975-இல் பிராங்க்ஃபர்ட்டில் ராபர்ட் மெர்டென்ஸ் இறந்தார். செங்கன்பெர்க் அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநர், ஐரோப்பாவின் பெரிய பாம்பியல் அறிஞர்களில் ஒருவர். அவர் வளர்த்த ஆப்பிரிக்கக் குச்சிப்பாம்பு, தெலோடோர்னிஸ், இரை கொடுக்கும்போது கடித்துவிட்டது. அவர் இறந்தது 18 நாள் கழித்து.

ஜப்பானில் வயல்வெளிகளில் சாதாரணமாகக் காணப்படும் யமகாகாஷி என்ற பின்பல் பாம்பைச் சாதுவென்றே மக்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள்; 1980-களில் அதன் கடியால் உயிர்கள் போன பிறகு அங்கே தனி விஷமுறிவு மருந்தே தயாரிக்க வேண்டியதாயிற்று. அதன் உறவான செங்கழுத்துப் பாம்பு தென்கிழக்காசியாவிலிருந்து செல்லப்பிராணிச் சந்தைக்கு, விஷமில்லாதது என்ற பெயரோடு, போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்களில் சிலர் இரத்தம் உறையாத நிலையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் படுக்க நேர்ந்தது.

பின்பல் பாம்பின் விஷத்தை எவ்வளவு பெரிதாக எடுப்பது என்பது பாம்பு வளர்ப்பவர்களிடையே இன்றும் ஓயாத விவாதம். ஹாக்னோஸ் என்ற பின்பல் பாம்பை வைத்திருப்பவர், எனக்குக் கை வீங்கி இரண்டு நாளில் வடிந்துவிட்டது, இதையா விஷம் என்கிறீர்கள் என்பார். அவர் சொல்வது அவர் பாம்பைப் பொறுத்தவரை சரி. ஆய்வாளர்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. பிரையன் ஃப்ரையும் அவருடைய குழுவினரும் 2003 முதல் வெளியிட்ட ஆய்வுகள், விஷச்சுரப்பு பாம்பு இனத்தின் மிகப் பழைய சொத்து என்றும், கடைகளில் விற்கும் சாதுவான பாம்புகளின் சுரப்பிகளில்கூட நாகத்தினுடையதை ஒத்த நச்சுப் புரதங்கள் உண்டு என்றும் காட்டின. புரதம் இருப்பதும் மனிதருக்கு ஆபத்து விளைவதும் ஒன்றல்ல என்று கென்னத் கார்டாங் போன்றோர் எதிர்வாதம் வைத்தார்கள். அலையாத்திக் காட்டுப் பூனைப்பாம்பு இதற்கு நல்ல உதாரணம். அதன் விஷத்திலுள்ள ஒரு புரதம் பறவையின் நரம்பு-தசை இணைப்பை உறுதியாகப் பற்றுகிறது. பாலூட்டிகளிடம் அதற்கு வலு மிகக் குறைவு.

வைன்ஸ்டீன், வாரல், வைட், கைலர் ஆகிய நால்வர் 2011-இல் வெளியிட்ட நூல் எனக்குச் சரியாகப் படுகிறது. பல் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை அவர்கள் தள்ளிவைத்தார்கள். ஒவ்வோர் இனத்தின் கடியிலும் மருத்துவர்கள் உண்மையில் பதிவு செய்தது என்ன என்று தேடிப் பார்த்தார்கள். பின்பல் என்பது தாடையில் ஓர் இடம். அதை வைத்து ஆபத்தை அளந்ததால்தான் ஷ்மிட்டும் மெர்டென்ஸும் போனார்கள். இந்தப் பாம்பு கடித்து யாரும் செத்ததில்லை என்ற பேச்சையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எத்தனை பேர் கடிபட்டார்கள், பாம்பு எவ்வளவு நேரம் கவ்வியிருந்தது என்று தெரியாதவரை அந்தப் பேச்சுக்கு மருத்துவத்தில் இடமில்லை.

நம் வேலிகளில் தொங்கும் பச்சைப்பாம்பும் பின்பல் பாம்புதான். கண்கொத்திப் பாம்பு என்று பயந்து அதை அடித்துக் கொல்கிறார்கள். அது கண்ணைக் குறிபார்ப்பதில்லை. அதன் கடியில் வீக்கமும் வலியும் வரும், அவ்வளவே. பூம்ஸ்லாங்கும் இதுவும் ஒரே வகைப் பல்லைக் கொண்டவை என்பதை நினைத்தால், பல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது விளங்கும்.

இன்று பூம்ஸ்லாங் கடிக்கு மருந்து உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் தயாராகும் அந்த மருந்து இந்த ஒரு பாம்புக்கு மட்டுமே உரியது. நம் நாட்டு நான்கு பாம்புக்கான கூட்டு மருந்து இதைத் தொடாது. கடிபட்டு ஒரு நாளுக்கு மேல் கழிந்த பிறகு கொடுத்தும் இரத்தம் மீண்டும் உறையத் தொடங்கியிருக்கிறது. மெதுவாக வேலை செய்யும் விஷம் என்பதால் மருத்துவருக்கும் அவகாசம் கிடைக்கிறது. கடிபட்டவர் நன்றாக இருக்கும்போதே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். சோதனை எளிது. நம் அரசு மருத்துவமனைகளில் விரியன் கடிக்குச் செய்வதேதான்: கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. மெர்டென்ஸைக் கடித்த குச்சிப்பாம்புக்கு இந்தச் சோதனை பொருந்தும், ஜோகன்னஸ்பர்க் மருந்து பொருந்தாது. அதற்கென்று விஷமுறிவு மருந்தே கிடையாது. விஷம் தணியும்வரை நோயாளிக்கு இரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றிக் காத்திருக்கிறார்கள்.