நாடியும் அஞ்சலும்: தொலைவிலிருந்து கேட்ட மருத்துவம்

நோயறியச் சித்த மருத்துவம் எட்டு வழிகளைச் சொல்கிறது: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இவற்றுள் எத்தனையை ஒரு கடிதத்துக்குள் மடித்து அனுப்ப முடியும்? நாடியும் ஸ்பரிசமும் விரலோடு நின்றுவிடும். மொழி என்பது குரலின் தன்மை; அதை மை ஏந்தாது. நாவையும் நிறத்தையும் விழியையும் எழுதிக் காட்டலாம், எழுதுகிறவருக்குப் பார்க்கத் தெரிந்திருந்தால். கடைசி இரண்டு மட்டும் ஓரளவு பயணம் செய்யும். தேரையர் பெயரில் வழங்கும் நெய்க்குறி முறையில், விடியற்காலை நீரைக் கிண்ணத்தில் பிடித்து, அசையாமல் வைத்து, ஒரு துளி நல்லெண்ணெய் விடுவார்கள். துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றால் கபம். இதைத் திண்ணையில் வைத்துப் பார்த்து யாரும் எழுதிவிடலாம். ஆனாலும் எட்டில் ஒன்றிரண்டைக் கொண்டு மருந்து கொடுக்க எந்த வைத்தியரும் எளிதில் இசையமாட்டார்.

அப்படியானால் தொலைவிலிருந்து வைத்தியம் கேட்பது நம்மிடம் இல்லையா? இருந்தது என்பதே என் வாதம். கடிதத்தின் இடத்தில் ஓர் ஆள் இருந்தான். சுசுருதர், வாக்படர் முதலியோர் நூல்களில் தூதனுக்கென்றே இலக்கணம் உண்டு. வைத்தியரை அழைக்க வந்தவன் எப்படி நிற்கிறான், எந்தத் திசையில் நின்று பேசுகிறான், என்ன உடுத்தியிருக்கிறான் என்பதைக் கொண்டே நோயின் போக்கைக் கணிக்கச் சொல்கின்றன அவை. சகுன நம்பிக்கை என்று இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். நான் அப்படி ஒதுக்கமாட்டேன். வீட்டில் இரவெல்லாம் கண்விழித்து, நோயாளியின் முனகலைக் கேட்டு, பதறி ஓடிவந்தவனின் முகமே பாதி நோய்க்குறிப்பு. குறுக்குக் கேள்வி கேட்டால் அவன் பதில் சொல்லுவான். கடிதம் சொல்லாது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோ மருத்துவர் வில்லியம் கல்லன் அஞ்சலிலேயே ஆயிரக்கணக்கில் ஆலோசனை சொன்னார். 1781 முதல் ஜேம்ஸ் வாட்டின் நகலெடுக்கும் பொறியைக் கொண்டு தம் பதில்களுக்குப் படி எடுத்து வைத்தார். லோசான் நகரத்து மருத்துவர் திசோ ஒரு படி மேலே போய், 1761இல் மக்களுக்காக எழுதிய நூலில், நேரில் வர முடியாதவர் எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும் என்று பட்டியலே கொடுத்தார். தூதனின் வாயில் இருந்த குறுக்குக் கேள்வி அங்கே அச்சுக்கு ஏறியது. அவருக்கு வந்த கடிதங்கள் ஆயிரத்துக்கும் மேல் இன்றும் இருக்கின்றன.

தமிழகத்தில் இந்த மாற்றம் தபாலோடு வந்தது. 1854இல் அரையணாவுக்கு நாடெங்கும் கடிதம் போயிற்று. 1879இல் காலணாவுக்குக் கார்டு கிடைத்தது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865இலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் வைத்தியத்தை அசைத்தது 1877இல் தொடங்கிய வி.பி.பி. முறைதான் என்பேன். பொட்டலம் வாசலுக்கு வரும், பணத்தைத் தபால்காரரிடம் கட்டினால் போதும். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) செய்த சித்த மருந்துகள் பெயர்பெற்றுத் தொலைவூர்களுக்குப் போனது இந்தச் சூழலில்தான். இதை வெறும் வியாபாரம் என்று முடித்துவிடுவது ஆராய்ச்சி ஆகாது. தூதன் போனான், அவன் இடத்தில் விளம்பரம் வந்தது. நோயாளி தன் உடம்பை விவரிக்க வேண்டிய இடத்தில், விளம்பரத்தில் கண்ட நோய்ப் பெயர்களுள் தனக்குப் பொருந்தியதைத் தேர்ந்தெடுத்தார். எட்டு வழித் தேர்வு ஒரு சொல்லாகச் சுருங்கியது. வைத்தியர்களின் விளம்பரங்கள் பழைய இதழ்களில் நிறைய இருக்க, நோயாளிகளின் கார்டுகள் அரிதாகிப்போனதற்கும் இந்தச் சுருக்கமே காரணம் என்று கருதுகிறேன். திரும்பப் படிக்க அவற்றில் என்ன இருந்திருக்கும்?

அஞ்சல் வைத்தியத்துக்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று காஞ்சிக்கு அருகிலேயே கல்லில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஓர் ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையை, பேசுகிறது. 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை (அறுவை) செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், பணிவிடைப் பெண்கள், ஆண்டு முழுவதற்கும் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள். எல்லாம் ஒரே கூரையின் கீழ். அங்கே நோயாளியைத் தேடி மருந்து போகவில்லை. நோயாளிதான் மருந்து இருக்கும் இடத்துக்கு வந்தார்.

நேரில் கேட்டால் நோயாளியின் சொல்லில் எவ்வளவு இருக்கும் என்பதற்கு ஒரு சான்று. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் வயதான நெசவாளர் ஒருவரிடம் கால்வலி பற்றிக் கேட்டேன். "மிதி அழுத்துறப்ப ஒண்ணும் இல்லைங்க. விடுறப்பதான் பாவு அறுந்தாப்பல சுரீர்னு இழுக்குது, முட்டிக்குக் கீழ" என்றார். இழுவிசையில் நிற்கும் பாவு இழை அறுந்தால் சட்டென்று சுருண்டு பின்வாங்கும். குழித்தறியில் உட்கார்ந்தவருக்கும் பக்கத்துத் தெரு வைத்தியருக்கும் அந்த வலியின் வேகம் இதிலேயே விளங்கிவிடும். கார்டில் எழுதச் சொன்னால் இவர் "வாத வலி" என்று எழுதியிருப்பார்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது பேரன். தாத்தா சொன்னதைக் கேட்டு டாக்டர் நிமிர்ந்து பார்த்தபோது, பையன் தன் காலை நீட்டி, மிதிப்பதையும் விடுவதையும் செய்துகாட்டினானாம்.